கடைசி வரியில் இருந்த பஸ்

செய்தியை எப்படி எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். என்ன நடந்ததோ அதை முதல் வரியில் எழுதுங்கள். எங்கே, எப்போது, யாருக்கு என்பதை அங்கேயே சேர்த்துவிடுங்கள். ஏன், எப்படி என்பதெல்லாம் அதற்குக் கீழே வரட்டும். குத்துவிளக்கு ஏற்றியது யார், பொன்னாடை போர்த்தியது யார், நன்றி கூறியது யார் என்பது கடைசியில். இடம் இருந்தால் அச்சாகும், இல்லாவிட்டால் ஊர் ஒன்றும் முழுகிவிடாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கோவையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கம் என் பொறுப்பு. அலுவலகம் காந்திபுரத்தில், ஒரு லாட்ஜுக்கும் செல்போன் கடைக்கும் நடுவே உள்ள மாடியில். ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ்களின் ஹாரன், மூடினால் புழுக்கம். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பகுதிநேர நிருபர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார்கள். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து அவற்றைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தில் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிகிற நேரம் பார்த்து ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் செய்தியைக் குறைக்க வேண்டும். குறைப்பது என்றால் யாரும் பொறுமையாகப் படித்துப் பார்த்து நடுவிலிருந்து எடுப்பதில்லை, அதற்கு நேரம் ஏது? கீழிருந்து வெட்டுவார்கள். எந்த வரி கட்டத்துக்கு வெளியே தொங்குகிறதோ அது போய்விடும். முக்கியமானதை மேலே வையுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது அதனால்தான். கத்தரி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தும் அங்கேயே போய் நிற்கலாமா?

நிற்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கேதான் நிற்பார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு.

எங்கள் அன்னூர் நிருபருக்கு அங்கே கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. பைப், பெயின்ட், ஆணி விற்பார். நடுவே செய்தியும் அனுப்புவார். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். ஆனால் அவர் அனுப்புகிற செய்தியைத் திறந்தால் மட்டும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும்.

அவருடைய போனே அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் பக்கம் முடிக்கிற நேரத்தில் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?”

“நல்லா இருக்கறனுங்கண்ணா. சொல்லுங்க.”

“சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்கண்ணா.”

“அங்க மழைங்களா? இங்க ஒரு தூத்தலு போட்டுட்டு நின்னுபோச்சுங்க. சோளத்துக்குப் பத்தாதுங்க.”

“அண்ணா, பக்கம் முடிக்கற நேரமுங்க.”

“ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்புட்டேன். நம்ம சத்தி ரோட்டுல லாரி ஒண்ணு பஸ்ஸு மேல ஏறிப்போச்சுங்க.”

சும்மா கூப்பிட்டாராம். நான் அப்படியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். யாருக்கு அடி, எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு எழுதினேன். கடைசியில் அவர், “எடுத்த எடுப்புல இதைச் சொன்னா நீங்க பயந்துக்குவீங்கல்லங்க” என்றார். பயப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

எழுத்தில் இன்னும் மோசம். ஒரு பள்ளியில் கழிப்பறை இடிந்து விழுந்ததைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள் என்றால், அவர் செய்தி கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரில் ஆரம்பிக்கும். பிறகு முன்னிலை வகித்தவர்கள், வரவேற்றவர், சிறப்பு விருந்தினர், அவருக்கு மாலை போட்டவர். வயது வாரியாக, மரியாதை வாரியாகப் பெயர்கள் இறங்கி வரும். கழிப்பறை எங்கே என்று தேடினால் நன்றி கூறியவரின் காலடியில் கிடக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் அவருக்கு நிஜமாகவே புரியாது.

“மூத்தவங்களை வுட்டுப்போட்டு மொதல்ல கக்கூஸைப் பத்தி எழுதறதுங்களா? நாளைக்கு அவங்க மூஞ்சில முளிக்கோணுமில்லீங்க?”

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயர் வந்தவர் பத்துப் பேப்பர் வாங்குவார், அது அன்னூர் ஏஜென்ட்டுக்கும் தெரியும், எங்கள் அலுவலகத்துக்கும் தெரியும். ஆனால் கல்யாணப் பந்தியில் பெரியவர்களை முதலில் உட்காரவைப்பது போலச் செய்தியில் உட்காரவைத்தால், பந்தி முடிவதற்குள் சோறு தீர்ந்துபோகிறதே, அதற்கு என்ன செய்வது?

உனக்கு மட்டும் இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் நான் காரணம் சொன்னதில்லை. என் அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா இறந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். அத்தா வீடு உக்கடத்தில். என் கூடப்பிறந்த அண்ணன் போன் செய்து, “அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, வேலை முடிஞ்சதும் வந்துட்டுப் போ” என்றார். வேலை முடிந்ததும் என்றுதானே சொன்னார்? நானும் பக்கத்தை முடித்தேன். காந்திபுரத்தில் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, அங்கே பழ வண்டிக்காரரிடம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சாத்துக்குடி வாங்கினேன். எங்கள் சந்துக்குள் திரும்பியபோது வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தொப்பி வைத்த ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என் கையிலிருந்த பையையே பார்த்தார்கள். அத்தா போனது மத்தியானமே. நீ பதறிவிடுவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று அண்ணன் அழுதார். பதறியிருப்பேன்தான். பதறியடித்து ஓடி வந்திருந்தால் கை சூடாக இருக்கும்போதாவது பிடித்திருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யார் எந்தச் சேதியைச் சுற்றி வளைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்னூர் அண்ணனின் மகளைப் பார்த்தது போன வருஷம். நகரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்திருந்தாள். அப்பா கொடுத்தனுப்பிய நிலக்கடலைப் பையோடு எங்கள் மாடி ஏறி வந்தாள். ஒல்லியான பெண், பேச்சு மட்டும் பட்டாசு. மேஜையில் கிடந்த அன்றைய பேப்பரில் அப்பாவின் செய்தியைக் கண்டுபிடித்து, விரலைக் கடைசி வரியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

“என்ன கண்ணு, தலைகீழாப் படிக்கறே?”

“அப்பா எழுதறதைக் கீழ இருந்துதானுங்கக்கா படிக்கோணும். மேல இருக்கறதெல்லாம் எங்கூருப் பெரியவங்க.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துப்போனது. டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். செய்முறை வகுப்பு இருக்கும் நாட்களில் கல்லூரி விட நேரமாகிவிடும் என்றாள். கோவையிலிருந்து அன்னூர் போக எவ்வளவோ பஸ் இருக்கிறது. அன்னூரிலிருந்து உள்ளே அவர்கள் ஊருக்குச் சாயங்காலத்தில் ஒரே ஒரு தனியார் மினி பஸ்தான். இரண்டு பக்கமும் சோளக்காடும் தென்னந்தோப்பும் உள்ள ரோட்டில், விளக்கும் கிடையாது. அப்பா வண்டியில் கூட்டிப்போகலாமே என்றேன். சர்க்கரையால் அவருக்குக் கண் மங்கிவிட்டதாம், இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடையை மூடிவிட்டு அவரே அந்த பஸ்ஸில்தான் ஊருக்குப் போகிறார்.

“பெரியப்பாவுக்கு நான் படிக்கறதே புடிக்கலீங்க. ஊட்டுல அவரு சொல்லுதான். ஊரு வரைக்கும் பஸ்ஸு வருது, பொண்ணு பத்திரமா ஊடு வந்து சேர்ந்துருவான்னு சொல்லித்தான் அப்பா சம்மதம் வாங்குனாரு. பஸ்ஸு நின்னா என் படிப்பும் நின்னுபோயிருமுங்கக்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதென்ன பஸ், திடீரென்று நிற்கப்போகிறதா என்ற நினைப்பில் நானும் சிரித்தேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் அந்த மினி பஸ் முதலாளி புதிதாக ஒரு வண்டி வாங்கினார். வேறு வழித்தடத்துக்கு. அன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை போட்டு, மைக் கட்டி, தொடக்க விழா நடத்தினார். எனக்கு ஞாயிறு வார விடுமுறை. மறுநாள் காலை வீட்டில் காபி குடித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். மாலை போட்ட பஸ், பஸ்ஸை விடப் பெரிய மாலை போட்ட முதலாளி, சுற்றிலும் வேட்டிகள். கீழே பெயர்கள். எப்போதும் போல என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் அன்னூர் அண்ணன் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். சாப்பாடு விசாரித்தார். மழைக்கு வந்தார்.

“ஒண்ணுமில்லீங்க அம்மணி. விழாச் சேதி நல்லா வந்துதுங்க. படமும் பளிச்சுன்னு இருந்துது. எல்லாருக்கும் சந்தோசம்.”

“சரிங்கண்ணா.”

“அதுல கடைசியா ஒரு வரி எழுதியிருந்தனுங்க. அது மட்டும் வரலீங்க. பரவால்லீங்க.”

அவர் பரவால்லீங்க என்றால் ஏதோ பெரிதாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் அனுப்பிய மூலச் செய்தியைத் திறந்து கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனேன். பெயர்கள் முடிந்து, இனிப்பு வழங்கி முடிந்து, நன்றி கூறி முடிந்து, அதற்கும் கீழே இருந்தது. முன்னதாகப் பேசிய உரிமையாளர், போதிய வசூல் இல்லாததால் இன்னின்ன ஊர்கள் வழியாகச் செல்லும் மாலை நேரப் பேருந்து அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும் என்றும், தொடர்ந்து வேண்டும் என்பவர்கள் வரும் சனிக்கிழமை காலை தமது அலுவலகத்துக்கு நேரில் வந்து தெரிவித்தால், ஆட்கள் சேர்வதைப் பொறுத்து முடிவை மாற்றிக்கொள்வதாகவும் கூறினார்.

நன்றி கூறியவருக்கும் கீழே! விளம்பரம் வந்திருக்கிறது, அன்று வேலையில் இருந்தவர் வழக்கம் போலக் கீழிருந்து வெட்டியிருக்கிறார், ஒரு மனிதருடைய மகளின் படிப்பு அந்த வரியோடு போய்விட்டது. பெயர்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

“ஏனுங்கண்ணா, இதுதானுங்க செய்தி! மத்ததெல்லாம் சும்மா. இதைப் போயி கடைசில வெப்பாங்களா?”

“அது நம்ம ஊட்டு விசயமாட்ட இருக்குதுங்களே அம்மணி.”

“என்ன ஊட்டு விசயம்?”

“நம்ம பொண்ணு போற பஸ்ஸுங்க. நானும் போறேன். அதைத் தூக்கி மேல வெச்சா, இவன் சொந்தக் காரியத்துக்குப் பேப்பர்ல எழுதறான்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா? எழுதாம வுடறதுக்கும் மனசு வரல. அதுதான் ஓரமா ஒரு வரி போட்டுட்டேன்.”

“அந்த பஸ்ஸுல உங்க பொண்ணு மட்டுந்தான் போறாளா?”

“இல்லீங்க. எங்கூருக்கு முன்னால மூணு ஊரு இருக்குதுங்க. படிக்கற பொண்ணுக போறாங்க. மில்லுக்குப் போற பொம்பளைக போறாங்க.”

“அப்பறம் எப்புடிங்கண்ணா அது உங்க ஊட்டு விசயம்?”

“நீங்க சொல்றதும் செரிதானுங்க” என்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சரி என்று சொன்ன மனிதரிடம் மேற்கொண்டு சண்டை போட முடியாமல் போனை வைத்தேன்.

அன்றே உட்கார்ந்து நானே எழுதினேன். அன்னூர் அருகே நான்கு ஊர்களுக்குச் செல்லும் ஒரே மாலை நேர மினி பஸ் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது, தொடர வேண்டுமானால் சனிக்கிழமை காலை நேரில் தெரிவிக்க உரிமையாளர் அழைப்பு. முதல் வரியிலேயே எல்லாம் இருந்தது. அடுத்த பத்தியில் மாணவிகள், மில் தொழிலாளிகள். வேறு ஒன்றுமில்லை. எங்கே வெட்டினாலும் பஸ் தப்பித்துக்கொள்ளும்.

செய்தி ஆசிரியர் திரையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் தள்ளிப்போடுவதில் மன்னன்.

“ஏம்மா, இந்த விழா இன்னிக்குத்தானே வந்திருக்கு? மறுபடியும் எதுக்கு?”

“சார், விழா வந்துச்சு. செய்தி வரல.”

“சரி சரி, வெச்சிரு. சனிக்கிழமைக்குள்ள போட்டுடலாம்.”

செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ பெரிய செய்தி. புதன்கிழமை பக்கம் ஒன்று குறைந்தது. நான் தினமும் அதை எடுத்து மேலே வைப்பதும், சாயங்காலம் அது இறங்கி ஓரமாக நிற்பதுமாக இருந்தது. வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனுக்கு மூன்றே வரியில் நானே எழுதி அனுப்பி, இதை அந்த நான்கு ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அப்படியே போடுங்கள் என்றேன். அப்படியே என்பதை அழுத்திச் சொன்னேன்.

போட்டுவிட்டேன் என்றார். எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை, போட்டதை எனக்கும் அனுப்பச் சொன்னேன். வந்தது. ஒரு தாமரைப் படம். அனைவருக்கும் இனிய காலை வணக்கம். பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் பணிவான வேண்டுகோள். நமது வட்டாரத்தில் பல ஆண்டுகளாகச் சீரிய முறையில் பேருந்து இயக்கிவரும் உரிமையாளரின் சேவையைப் பாராட்டி இரண்டு பத்தி. அதற்குக் கீழே, மேலும் படிக்க என்று நீல நிறத்தில் இருந்தது. அதை அழுத்தினால்தான் என்னுடைய மூன்று வரி தெரிந்தது.

“யாராவது பதில் போட்டாங்களாண்ணா?”

“நெறையப் பேரு கும்புடு போட்டிருக்கறாங்கங்க. ரெண்டு பேரு பூ போட்டாங்க.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூ போட்டவர்கள் காலை வணக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். பஸ் விஷயம் அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. மறுபடியும் போடுங்கள், மேலே உள்ளதை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கத்தினேன். மறுபடியும் போட்டார். அது, மீண்டும் தொந்தரவு செய்வதற்கு அனைவரும் மன்னிக்கவும் என்று ஆரம்பித்தது. அந்த மன்னிப்பே மேலும் படிக்க வரை நீண்டிருந்தது.

வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்களேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். நம்ம காரியத்துக்கு அடுத்தவங்களை வேலைக்கு லீவு போட்டுட்டு வாங்கன்னு கூப்புடறது எப்புடிங்க என்றார். நம்ம காரியம், நம்ம காரியம். அந்த ஒரு வார்த்தையிலிருந்து அவரை நகர்த்த முடியவில்லை. “பேப்பர்ல வந்துட்டா போதுமுங்க அம்மணி. டீக்கடையில படிச்சுப்போட்டு அவங்களாவே வந்துருவாங்க” என்றார். பேப்பர் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தது. முக்கால் பக்கம். மீதி இருந்த இடத்தில் ஏற்கெனவே வைத்திருந்த செய்திகளே மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. நான் எழுந்து செய்தி ஆசிரியரின் மேஜைக்குப் போனேன்.

“சார், ரெண்டு வரி மட்டும். ஒரு சின்னப் பெட்டி போதும்.”

“எங்கம்மா இடம்? ஞாயித்துக்கிழமை போட்டுடலாம். பெருசாவே போடலாம், படத்தோட.”

“சனிக்கிழமை காலைல வரச் சொன்ன செய்தியை ஞாயித்துக்கிழமை போட்டு என்ன சார் பிரயோஜனம்?”

நான் கத்தியே விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் என்னம்மா பண்ணட்டும், விளம்பரத்தை வெட்ட முடியுமா?” என்றார். அவரால் முடியாது. என்னாலும் முடியாது. செய்தியை எப்படி அடுக்க வேண்டும் என்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதை அடுக்க ஒரு விரற்கடை இடம் கிடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். நலம், சாப்பாடு, மழை. முதலாளியின் அலுவலகத்துக்கு யார் யார் போனார்கள் என்று நான் கேட்டேன். அவர், மகள், மில்லுக்குப் போகும் ஒரு பெண். அவ்வளவுதான்.

“நல்ல மனுசனுங்க. காப்பி குடுத்தாரு. நான் புது வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை விசாரிச்சுட்டு இருந்தனுங்க. அதுக்குள்ள இந்தப் புள்ள, சாயங்கால பஸ்ஸை நிறுத்தாதீங்கன்னு எடுத்த எடுப்புல கேட்டுப்போட்டா. எனக்குச் சங்கட்டமாப் போச்சு.”

“நல்லாக் கேட்டாளே! அவரு என்ன சொன்னாரு?”

“வேணுமுன்னா நாலு ஊருல இருந்தும் ஆளு வந்திருக்கோணுமில்ல கண்ணு, நீங்க மூணு பேருதான வந்திருக்கறீங்கன்னாரு. பாக்கலாம்னு சொல்லியிருக்காருங்க.”

பார்க்கலாம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பெரிதாகவே போட்டிருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களின் படத்தோடு. சனிக்கிழமை என்பதை மட்டும் கடந்த காலமாக மாற்றியிருந்தார்கள். நான் அடுக்கிய வரிசை அப்படியே இருந்தது. என்ன, எங்கே, எப்போது, யாருக்கு. ஒரு வரிகூட வெட்டுப்படவில்லை. திங்கட்கிழமை செய்தி ஆசிரியர் அதைப் படம் எடுத்து நிருபர்கள் குழுவில் போட்டார். செய்தி என்றால் இப்படி அமைய வேண்டும், முதல் பத்தியைக் கவனியுங்கள் என்று மேலே எழுதியிருந்தார். நிருபர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். அன்னூர் அண்ணனும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். அதைப் பார்த்தபோது போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை அவர் வழக்கம் போலச் செய்தி அனுப்பினார். கோயில் பூசை, ரத்த தான முகாம், காதுகுத்துப் பத்திரிகை போல நீளும் பெயர் வரிசைகள். நானும் வழக்கம் போலத் தலைகீழாகப் புரட்டி எழுதினேன். பஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பரவால்லீங்க என்பார், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

புது மாதம் பிறந்த அன்று, பக்கம் முடிக்கிற நேரத்தில் போன் அடித்தது. அவர்தான். வலது கையால் தலைப்பை அடித்துக்கொண்டே இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். ஏனுங்க என்று ஆரம்பிப்பார், நான் ஆமாங்கண்ணா, ஆச்சுங்கண்ணா என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

“இன்னிக்கு பஸ்ஸு வரல. பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பறதை நிறுத்திப்போட்டோம்.”

அவ்வளவுதான் சொன்னார். ஏனுங்க இல்லை, அம்மணி இல்லை, ஒரு ‘ங்க’கூட இல்லை. இத்தனை வருஷமாகத் தொண்டை வறளக் கேட்ட முதல் வரியை முதல்முறையாக எனக்குச் சொல்லிவிட்டார். அதில் சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்க ஒன்றுமில்லை. பேப்பரின் மேல் விரலைக் கடைசி வரியில் வைத்துக்கொண்டு சிரித்த அந்தப் பெண்ணின் முகம் வந்தது. தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

யார் முடிவு செய்தது, அவள் என்ன சொன்னாள், வேறு வழியே இல்லையா என்று அடுத்தடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதுதான் என் தொழில். கீழே ரோட்டில் டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“ஏனுங்கண்ணா,” என்றேன். “சாப்டாச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க அம்மணி.” அவர் குரல் இப்போதுதான் உடைந்தது. பிறகு, “அங்க மழைங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்கண்ணா,” என்றேன். “ஒரு தூத்தல்கூட இல்லீங்க.”